கொக்குமூக்கு

இதை ஜெரேனியம் என்று சொன்னால்
பவளக்கொடி சிரிக்கிறாள்.
அவள் இஸ்தோப்பில் மாஜரீன் தகரத்தில்
சிவப்பாய் நிற்கிறதே, அதுதானாம் ஜெரேனியம்.
தைப் பனி கொட்டிய மறுநாள் காலையில்
அது வெந்த கீரை மாதிரிக் கறுத்து ஒழுகும்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

என்னுடையது தரையோடு படுக்கிற சாதி.
பூ நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை;
செக்ரோல் எழுதும் கிளாக்கரின்
மை கசிந்த விரல் நிறம்.

பங்களா ஹோட்டலாய் மாறின வருஷம்
பாத்தி கொத்த எங்களில் ஆறு பேரை அனுப்பினார்கள்.
"இது செத்துப்போச்சு, கிளப்பி வீசு" என்றார்
கொழும்பிலிருந்து வந்தவர், கழுத்தில் மப்ளரோடு.
மேலே வெறும் சருகு.
நகத்தால் கிழங்கைக் கீறிப் பார்த்தேன்.
உள்ளே ஈரம், லேசாய் ரோஸ்.
வீசினேன்தான்,
யூரியா சாக்குக்குள்.

லயத்துக் கானுக்கும் எங்கள் படிக்கும் நடுவே
இரண்டு முழம் இடம்.
அதிலே ஏற்கெனவே மூன்று கோவா,
ஒரு கோழிக்கூடு, அந்தோனிமுத்துவின் சைக்கிள்.
சைக்கிள் நகர்ந்தது.
ஒரு கிழமை அவன் முகம் கொடுக்கவில்லை.

மாசி முழுக்கக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
போகிறவர் வருகிறவர் எல்லாம்
என்ன பயிர் என்று கேட்டார்கள்.
பங்குனி மழைக்கு நாலாம் நாள்
மண்ணில் ஒரு சுருட்டு இலை,
பிள்ளை மூடி வைத்திருக்கும் கை மாதிரி.

உரம் அதிகம் கேட்காது. போட்டால் இலைதான் கொழுக்கும்.
தேயிலைச் சக்கை போதும், எப்போதாவது முட்டைக்கோது.
கால் நனைந்தே கிடந்தால்தான் கோபம் வரும்,
அதற்காகக் கான் ஓரம் கல் அடுக்கினேன்.
முதல் பூ ஓய்ந்ததும்
கவ்வாத்துக் கத்தியை எடுத்துத்
தரைமட்டத்துக்கு ஒரே இழுப்பு.
பவளக்கொடி வாயில் கை வைத்தாள்.
தேயிலைக்குச் செய்தால் சம்பளம்,
பூவுக்குச் செய்தால் பாவமா?
மூன்றாம் கிழமை திரும்ப நிறைந்தது.
அவள் ஒரு கிழங்கு கேட்டாள்.
கொடுத்தேன், கொஞ்சம் தாமதித்து.

மூன்று நான்கு வருஷத்தில் நடுவில் வழுக்கை விழும்.
அப்போது தோண்டிப் பிய்த்து இடம் மாற்ற வேண்டும்.
மாற்றத்தான் இடம் வேண்டுமே.

போன சித்திரையில் மேட்டு மலைச் சரிவில்
ஆளுக்கு ஏழு பேர்ச் என்று அளந்தார்கள்.
நாலு குச்சி, நுனியில் சிவப்புத் துணி.
உறுதி பிறகு வருமாம்.
"பிறகு என்றால் எந்த மாதம்?" என்று
எங்கள் இவர் கேட்டார்.
அளக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வீடு இல்லை. அத்திவாரம் வெட்டவில்லை.
பேர் போகாத ஞாயிற்றுக்கிழமை
ஐந்து கிழங்கோடு நான் ஏறினேன்.
"கதவு வைக்கிறதுக்கு முன்னால் பூவா?"
இவர் பின்னாலேயே வந்தார், மண்வெட்டியோடு,
ஏசிக்கொண்டு.
வாசல் எங்கே வரும் என்று இருவருக்கும் சண்டை.
கடைசியில் நட்ட இடத்தில் வாசல் என்று முடிவானது.

இப்போது அங்கே பூத்து, உதிர்ந்து,
காம்பு காம்பாய் அலகு நீட்டி நிற்கிறது.
சின்னவன்தான் கொக்குமூக்கு என்று பேர் வைத்தான்.
வெயில் ஏறி அலகு காய்ந்ததும்
'டிக்' என்று சுண்டி விதையை எறியும்,
கெட்டாப்போல் போல.
நேற்று ஒன்று என் கன்னத்தில் பட்டது.
ஒன்று இவருடைய தேநீரில்.

இன்று மழைக்கு முன்னால் போய்க்
குனிந்து தேடினேன்.
முளைத்தது எல்லாமாய் எட்டு.
அதில் மூன்று குச்சிக்கு அந்தப் பக்கம்,
தோட்டத்துத் தேயிலைக்கு அடியில்.

துரைக்கு நான் சொல்லப் போவதில்லை.